ஃபூஜியில் இரண்டு சுற்றுகள்: எஃப்.ஐ.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உலக மோட்டார் விளையாட்டுக் குழு உறுப்பினர்கள்,
எஃப்.ஐ.ஏ. என்னும் பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பு,
பிளாஸ் த லா கொங்கோர்ட், பாரிஸ்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொட்டும் மழையில் ஒரு ஃபார்முலா 1 பந்தயத்தைத் தொடங்குவதா, தள்ளிப்போடுவதா, தொடங்கிய பின் நிறுத்துவதா என்ற முடிவு இன்று உங்கள் ரேஸ் டைரக்டரின் கையில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை அவரிடமிருந்து பறிக்கச் சொல்லி நான் இந்த மடலை எழுதவில்லை. ஒருவர் கையில் முடிவு இருப்பதுதான் சரி. நான் கேட்பது வேறு. அந்த முடிவு எடுக்கப்படும்போது காருக்குள் உட்காரப்போகிறவர்களின் சொல் முறைப்படி கேட்கப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். அதன் பிறகும், இந்த மழையில் என்னால் ஓட்ட முடியாது என்று ஓர் ஓட்டுநர் காரை விட்டு இறங்கினால், அதற்காக அவர்மீது உங்கள் தரப்பிலிருந்தோ அணியின் தரப்பிலிருந்தோ எந்த நடவடிக்கையும் பாயாது என்று விதிப்புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். இதற்கு நான் முன்வைக்கும் சாட்சி, மூன்று முறை உலக சாம்பியனாகி 2019 மே 20 அன்று மறைந்த நிக்கி லௌடாவின் வாழ்க்கை.

லௌடாவின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் நெருப்புதான் நினைவுக்கு வருகிறது. எரிந்த முகத்தோடு ஆறு வாரத்தில் பந்தயத்துக்குத் திரும்பிய துணிச்சலைப் பற்றி எழுதாதவர் இல்லை. அந்தத் துணிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதே 1976ஆம் ஆண்டின் அக்டோபரில், ஜப்பானின் ஃபூஜி தடத்தில் இரண்டே சுற்று ஓட்டிவிட்டுக் காரைப் பிட்டுக்குள், அதாவது தடத்தோரம் அணியினர் இருக்கும் பணியிடத்துக்குள், கொண்டுவந்து நிறுத்தினாரே, அதுதான் அவர் வாழ்நாளில் செய்த காரியங்களிலேயே கடினமானது என்பது என் எண்ணம். அதை விளங்கிக்கொள்ள, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1949 பிப்ரவரி 22 அன்று வியன்னாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் லௌடா. தாத்தா ஹான்ஸ் லௌடா ஆஸ்திரியத் தொழில்துறையில் பெரும்புள்ளி; பேரன் பந்தயக் கார் ஓட்டுவதை அவர் கொஞ்சமும் விரும்பவில்லை, வங்கியொன்றிலிருந்து பேரனுக்கு வரவிருந்த பணத்தைத் தன் செல்வாக்கால் தடுத்தே விட்டார். பேரன் வேறு வங்கிக்குப் போய், தன் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்கி, மார்ச் அணியில் ஓர் இருக்கையை விலைக்கு வாங்கினார். உயிரை ஈடு வைத்தார் என்று இவர் விஷயத்தில் உவமையாக இல்லாமல் நேர்ப்பொருளிலேயே சொல்லலாம். தலைக்கு மேல் கடனோடு 1973இல் பி.ஆர்.எம். அணிக்கு வந்தார்; அங்கே உடன் ஓட்டிய க்ளே ரெகஸ்ஸோனி எடுத்துச்சொன்னதன் பேரில் என்ஸோ ஃபெராரி அவரை 1974இல் தன் அணிக்கு எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு ஸ்பெயினில் முதல் வெற்றி. மறு ஆண்டு ஐந்து வெற்றிகளுடன் உலக சாம்பியன் பட்டம். எந்தச் செலவுக்கு எந்த வரவு, எந்த ஆபத்துக்கு எந்தப் பலன் என்று பார்த்துப் பார்த்து ஓட்டியவர் அவர். பிற்காலத்தில் தழும்பை மறைக்கப் போட்ட சிவப்புத் தொப்பியைக்கூட விளம்பரத்துக்கு விற்றவர் என்பதை இங்கே சொல்லிவைக்கலாம்.

இந்தக் கணக்குக்காரர்தான் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஓட வேண்டாம் என்றார். 22 கிலோமீட்டருக்கும் மேல் காட்டுக்குள் வளைந்து செல்லும் அந்தத் தடத்தில் ஏழு நிமிடத்துக்குள் ஒரு சுற்றை முடித்த முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் அவரே. 1975இன் தகுதிச் சுற்றில் அவர் எடுத்த நேரம் 6 நிமிடம் 58.6 விநாடி. ஆக, பயத்தினால் சொன்னார் என்று யாரும் பேச வழியில்லை. இத்தனை நீளமான தடம் முழுவதும் தீயணைப்பு வண்டியும் மருத்துவரும் கொடி காட்டுபவர்களும் தேவையான அளவுக்கு நிற்க முடியாது, ஒரு மூலையில் யாராவது மோதினால் உதவி வந்து சேர நேரமாகும் என்பதுதான் அவர் வாதம். 1976இல் சக ஓட்டுநர்களிடம் இதை வாக்கெடுப்புக்கு விட்டார். ஒரே வாக்கில் தோற்றதாகச் சொல்வார்கள். தோற்றவர் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு ஓட்டினார்.

ஆகஸ்ட் 1. தடம் பாதி ஈரம், பாதி உலர்வு. முதல் சுற்று முடிந்ததும் மழை டயரைக் கழற்றிவிட்டு உலர் டயருக்கு மாறி, இழந்த இடங்களைப் பிடிக்க விரட்டிக்கொண்டிருந்தார். பெர்க்வெர்க் வளைவுக்கு முன்னால் கார் சட்டென்று விலகிக் கரைமேட்டில் மோதி, தீப்பிடித்து, தடத்தின் நடுவே உருண்டு வந்து நின்றது. பின்னால் வந்த பிரெட் லங்கரின் கார் அதன்மீது மோதியது. ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்றுவிட்டிருந்தது. அவரை வெளியே இழுத்தவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்: லங்கர், ஹரால்ட் எர்ட்ல், கய் எட்வர்ட்ஸ், ஆர்துரோ மெர்சாரியோ. நால்வரும் போட்டியாளர்கள். தங்கள் கார்களை நிறுத்திவிட்டு நெருப்புக்குள் போனவர்கள். தீக்குள் கைவிட்டு இருக்கைவாரை அவிழ்த்த மெர்சாரியோ, லௌடா வருவதற்கு முந்தைய ஆண்டு ஃபெராரியில் ஓட்டிக்கொண்டிருந்தவர். லௌடா சொன்னதுபோலவே அதிகாரபூர்வ உதவி வந்து சேர நேரமானது. முகத்திலும் தலையிலும் பட்ட தீக்காயத்தைவிட, உள்ளே இழுத்த நச்சுப்புகை நுரையீரலைக் கெடுத்ததுதான் பெரிய ஆபத்தாயிற்று. மன்ஹைம் மருத்துவமனையில் பாதிரியார் வந்து இறுதிச் சடங்கின் ஜெபத்தைச் சொல்லும் நிலை. ஃபார்முலா 1 அதன்பின் அந்தப் பழைய நீளத் தடத்துக்குத் திரும்பவே இல்லை. வாக்கெடுப்பு தராத தீர்ப்பை விபத்து தந்தது.

செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் மோன்ஸாவில், ஆறாத புண்களின்மேல் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டி நான்காவதாக வந்தார். அவருக்குப் பதிலாகக் கார்லோஸ் ராய்ட்டமனை ஃபெராரி அதற்குள் ஒப்பந்தம் செய்திருந்தது. இதையெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நான் அக்டோபருக்கு வருகிறேன்.

1976 அக்டோபர் 24, ஃபூஜி. ஜப்பானில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தயம், அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயமும் அதுவே. லௌடாவுக்கு 68 புள்ளிகள், பட்டத்துக்கு அவரோடு போட்டியிட்ட ஜேம்ஸ் ஹன்ட்டுக்கு 65. காலையிலிருந்து அடைமழை, தடத்தில் ஓடையாய் நீர், மலையடிவாரத்துப் பனிமூட்டம் வேறு. ஓட்டுநர்களில் பலர் ஓட வேண்டாம் என்றார்கள், நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று, வெளிச்சம் குறையத் தொடங்கியது. உலகெங்கும் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்ப நேரம் வாங்கப்பட்டிருந்ததால், கடைசியில் ஓட்டுவதென்றே முடிவாயிற்று. இமைகள் தீயில் வெந்துபோய் இன்னும் சரியாகச் சிமிட்ட முடியாத கண்களோடு, முன்னால் போகும் கார்கள் வாரியிறைக்கும் நீர்த்திரைக்குள் லௌடா இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு பிட்டுக்குள் வந்து நிறுத்தி இறங்கினார்.

ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி அவரருகே வந்து, இயந்திரத்தில் கோளாறு என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிடலாம் என்றார். அன்பினால் சொன்ன பொய் அது. ஏற்றுக்கொண்டிருந்தால் யாரும் ஒரு சொல் கேட்டிருக்க மாட்டார்கள். லௌடா மறுத்தார். இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம், அதனால் நிறுத்தினேன் என்பதையே காரணமாகச் சொன்னார். முடிவு தெரியும் முன்பே தடத்தை விட்டுக் கிளம்பியும் விட்டார். ஹன்ட் மூன்றாவதாக வந்து நான்கு புள்ளி பெற்றார். 69க்கு 68 என்று பட்டம் கைமாறியது.

அன்று எமர்சன் ஃபிட்டிபால்டி, கார்லோஸ் பாச்சே, லாரி பெர்கின்ஸ் ஆகியோரும் தாமாகவே விலகினார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஃபிட்டிபால்டிக்கு இது புதிதுமல்ல. முந்தைய ஆண்டு பார்சிலோனாவின் மொன்ட்யுயிக் பூங்காத் தடத்தில் தடுப்புக் கம்பிகளின் திருகுகள் முடுக்கப்படாமலே கிடந்தபோது, ஓட்டுநர்கள் ஓட மறுத்தார்கள். மெக்கானிக்குகளே ஸ்பானரோடு போய் முடுக்கினார்கள். கார்களைப் பறிமுதல் செய்வோம் என்று மிரட்டப்பட்ட பிறகே பந்தயம் நடந்தது. நடப்புச் சாம்பியனாயிருந்த ஃபிட்டிபால்டி மட்டும் பெயரளவுக்குச் சில சுற்று ஓட்டிவிட்டுப் பந்தயத்தில் கலந்துகொள்ளாமல் ஊருக்குக் கிளம்பினார். அன்று ரோல்ஃப் ஸ்டோம்மெலனின் கார் இறக்கை முறிந்து தடுப்பைத் தாண்டிப் பறந்ததில், வேலி ஓரம் நின்றவர்கள் உயிரிழந்தார்கள்.

ஃபூஜியைப் பொறுத்தவரை எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. மழை சிறிது நேரத்தில் விட்டுவிட்டது; தடம் உலர்ந்தது; மரியோ ஆண்ட்ரெட்டி நிதானமாக ஓட்டி வென்றார்; ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் லௌடாவின் கணிப்பு தப்பு என்பார்கள். பந்தயம் தொடங்கிய அந்த நேரத்தில் மழை விடும் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு முடிவு சரியா தவறா என்பதை, அதை எடுத்தபோது கண்முன் இருந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பந்தயம் நல்லபடியாக முடிந்ததே என்பது, அதைத் தொடங்கியது சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது.

இத்தாலியப் பத்திரிகைகள் அவரைக் கோழை என்றன. அணிக்குள்ளும் நம்பிக்கை குறைந்தது. 1977இல் மூன்று வெற்றிகளோடு மீண்டும் சாம்பியனாகி, வாட்கின்ஸ் க்ளெனில் பட்டம் உறுதியான கையோடு, மீதிப் பந்தயங்களைக்கூட ஓட்டாமல் ஃபெராரியை விட்டு விலகினார். லௌடாவுக்குக் கட்டுப்படியான விலை இது. அன்று அவர் சாம்பியன். பேரும் சம்பளமும் இருந்தன. இன்னோர் அணி வரவேற்கக் காத்திருந்தது. முதல் பருவம் ஓட்டும் இருபது வயது இளைஞனுக்கு, இருக்கைக்காகக் குடும்பம் கடன்பட்டிருக்கும் ஒருவனுக்கு, மார்ச் அணிக் காலத்து லௌடாவுக்கே, இது கட்டுப்படியாகாது. மனசாட்சிப்படி நடக்கும் உரிமை புகழ்பெற்றவருக்கு மட்டுமே வாய்க்கிறது என்றால் அதற்குப் பெயர் உரிமை அல்ல, சலுகை.

அதன்பின் பிரபாம் அணியில் இரண்டு ஆண்டு, 1979 கனடா பந்தயத்தின் பயிற்சிக்கு நடுவில் திடீர் ஓய்வு, சொந்த விமான நிறுவனம், 1982இல் மெக்லாரன் அணியோடு மறுவரவு. அந்த மறுவரவின் முதல் வாரத்திலேயே உங்கள் அமைப்பின் அன்றைய விளையாட்டுப் பிரிவான ஃபீஸாவோடு அவருக்கு மோதல் வந்தது. ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸ் என்னும் உரிமத்தின் விண்ணப்பத்தில் ஓட்டுநரை அணியோடு கட்டிப்போடும் நிபந்தனையும், அமைப்புக்குக் கேடாகப் பேசக் கூடாது என்ற நிபந்தனையும் நுழைந்திருந்தன. எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் காகிதத்தைப் படித்துப் பார்த்தவர் லௌடா. அவரும் டிடியே பிரோனியும் முன்னின்று, தென்னாப்பிரிக்காவின் க்யாலாமியில் ஏறக்குறைய எல்லா ஓட்டுநர்களையும் ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஜோஹன்னஸ்பர்க் விடுதி ஒன்றுக்குப் போய்விட்டார்கள். ஒரே கூடத்தில் மெத்தைகளை விரித்துப் படுத்தார்கள். எலியோ டி ஆஞ்சலிஸ் பியானோ வாசித்தார். நிபந்தனைகள் பேச்சுவார்த்தைக்கு வந்தன, பந்தயமும் நடந்தது. நடந்து முடிந்ததும் ஓட்டுநர்கள்மீது அபராதம் விழுந்தது.

பழங்கதையை ஏன் கிளறுகிறான் என்று எண்ண வேண்டாம். 2024 நவம்பரில் ஓட்டுநர் சங்கமான ஜி.பி.டி.ஏ. தங்களைப் பெரியவர்களாக நடத்தும்படி உங்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. அதன்பின் 2025இன் தொடக்கத்தில், முறையற்ற சொற்களுக்கும் கூட்டமைப்பின் பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் பேச்சுக்கும் அபராதப் பட்டியலை வெளியிட்டீர்கள். மே மாதத்தில் அதைத் தளர்த்தினீர்கள். தளர்த்தியதற்கு நன்றி. ஆனால் கெட்ட வார்த்தைக்கு இத்தனை நுணுக்கமாக விதி எழுதத் தெரிந்த அமைப்பு, 'ஓட்ட மாட்டேன்' என்ற நல்ல வார்த்தைக்கு ஒரு பத்தி எழுதக் கூடாதா?

1984 வேடிக்கையான ஆண்டு. மொனாக்கோவில் கடும் மழை; லௌடா வழுக்கிச் சுழன்று வெளியேறியிருந்தார்; பந்தயத்தை நடத்தும் பொறுப்பிலிருந்த ஜாக்கி இக்ஸ் அதை நிறுத்தினார், 31 சுற்றுகளின் முடிவே கணக்கில் எடுக்கப்பட்டது; எல்லோருக்கும் பாதிப் புள்ளி. வென்றவரும் பட்டத்துக்கு லௌடாவோடு மோதியவருமான, அவருடைய சக அணி ஓட்டுநர் அலான் ப்ரோஸ்ட்டுக்கு ஒன்பதுக்குப் பதில் நாலரை. மேற்பார்வையாளர்களைக் கேட்காமல் நிறுத்தியதற்காக இக்ஸ் பின்னர் தண்டிக்கப்பட்டார் என்பது தனிக்கதை. பருவம் முடிந்தபோது லௌடாவுக்கு 72 புள்ளி, ப்ரோஸ்ட்டுக்கு 71.5. அன்றைக்கு முழுத் தூரமும் ஓடி ப்ரோஸ்ட் இரண்டாவதாக வந்திருந்தால்கூட ஆறு புள்ளி கிடைத்து அவரே சாம்பியன். ஒரு மழை ஒரு புள்ளியில் பறித்ததை இன்னொரு மழை அரைப் புள்ளியில் திருப்பித் தந்தது.

அவருடைய விமான நிறுவனத்தின் கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1991 மே 26 அன்று பாங்காக்கிலிருந்து வியன்னாவுக்குக் கிளம்பிய லௌடா ஏர் போயிங் 767 விமானம் தாய்லாந்துக் காட்டில் விழுந்து 223 பேரும் இறந்தார்கள். லௌடா தானே அந்த இடத்துக்குப் போனார். தரையிறங்கும்போது வேகத்தைக் குறைக்க உதவும் எதிருந்துகை அமைப்பு ஓர் இயந்திரத்தில் நடுவானில் விரிந்துவிட்டதே காரணம் என்று தெரியவந்ததும், அப்படி விரிந்தால் விமானியால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும்வரை அவர் விடவில்லை. முடியும் என்றால் அதே நிலையில் நானே ஓட்டிக் காட்டுகிறேன், விமானத்தைக் கொடுங்கள் என்று சவால் விட்டார். அந்த அமைப்புக்குக் கூடுதல் பூட்டுகள் பிறகு வந்தன.

இனி உங்கள் காலத்துக்கு வருகிறேன். 2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுஸுகா தடத்தில், புயல் நெருங்குவது தெரிந்திருந்தும் பந்தயம் அறிவித்த நேரத்திலேயே தொடங்கியது. மாலை மங்கும் வேளையில், முந்தைய சுற்றில் வழுக்கிய காரை அப்புறப்படுத்திக்கொண்டிருந்த வண்டியில் ஜூல்ஸ் பியாங்கி மோதினார். 2015 ஜூலையில் இறந்தார். உங்கள் விசாரணைக் குழு, அவர் போதிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை என்றது; கூடவே, சூரியன் மறைய நான்கு மணி நேரத்துக்கு முன்பே பந்தயம் தொடங்கியாக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும் என்ற மெய்நிகர் சேஃப்டி கார் முறையும் அதன்பின் வந்தது. இவை நல்ல மாற்றங்கள். ஆயினும் 2022இல் அதே சுஸுகாவில், அதேபோன்ற மழையில், தடத்தில் நின்ற மீட்பு வண்டியைப் பியர் காஸ்லி நூலிழையில் கடந்து போனார்.

2021இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நடந்ததை நான் குறிப்பாகச் சுட்ட விரும்புகிறேன். சனிக்கிழமை தகுதிச் சுற்றில், நிலைமை மோசம், ஓட்டத்தை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டுங்கள் என்று செபாஸ்டியன் ஃபெட்டல் ரேடியோவில் சொன்னார். கொடி வரவில்லை. சிறிது நேரத்தில் லாண்டோ நாரிஸின் கார் ரெய்டியோன் மேட்டில் தடுப்பில் மோதிச் சுழன்றது. முந்திக்கொண்டு சொன்னேனே என்று ஃபெட்டல் கோபத்தில் கத்தியதும், தன் காரை நிறுத்தி நாரிஸின் நலம் கேட்டதும் ஒளிபரப்பிலேயே இருக்கின்றன. நான்கு முறை சாம்பியனான ஒருவர் தடத்துக்குள்ளிருந்து சொன்ன சொல்லை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எந்த நடைமுறையும் அன்று செயல்படவில்லை. மறுநாள், மழையில் மணிக்கணக்காகக் காத்துநின்ற மக்களுக்கு முன்னால் வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் செல்லும் சேஃப்டி காரின் பின்னே சில சுற்றுகள் ஊர்ந்ததையே பந்தயம் என்று கணக்கிட்டுப் பாதிப் புள்ளி வழங்கினீர்கள். அதன்பின் புள்ளி விதியைத் திருத்தினீர்கள். தொடங்கும் முடிவில் யார் சொல் கேட்கப்படுகிறது என்பதைத் தொடவில்லை. 2023 ஜூலை 1 அன்று அதே ஸ்பாவில், மழையில் நடந்த இளையோர் பந்தயம் ஒன்றில் 18 வயது டிலானோ வான்ட் ஹோஃப் இறந்தார்.

ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதை நான் அறிவேன். 2025இல் ஸ்பா பந்தயம் மழைக்காக ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிவைக்கப்பட்டபோது, இத்தனை எச்சரிக்கை தேவையில்லை என்று குறைப்பட்ட ஓட்டுநர்களும் இருந்தார்கள். அதனால்தான் நான் வாக்கெடுப்பு கேட்கவில்லை. நூர்பர்க்ரிங்கில் வாக்கெடுப்பு என்ன செய்தது என்று பார்த்தோம்: துணிந்தவர்களின் பெரும்பான்மை, தயங்கியவரையும் இழுத்துக்கொண்டு போனது. ஓட விரும்புகிறவர் ஓடட்டும்; விரும்பாதவரை அந்தப் பெரும்பான்மை கட்டக் கூடாது.

ஆகவே, மழையால் தொடக்கமோ மறுதொடக்கமோ ஐயத்துக்குள்ளாகும் ஒவ்வொரு முறையும், ஜி.பி.டி.ஏ. நியமிக்கும் ஒரு பிரதிநிதியின் கருத்தை ரேஸ் டைரக்டர் முடிவுக்கு முன் கேட்டாக வேண்டும் என்றும், அந்தக் கருத்தும் அதை ஏற்றதற்கோ மறுத்ததற்கோ ஆன காரணமும் மறுநாளுக்குள் வெளியிடப்பட வேண்டும் என்றும் விதி செய்யுங்கள். 1994இல் இத்தாலியின் இமோலா தடத்தில் இரண்டு ஓட்டுநர்கள் இறந்ததற்குப் பின் மொனாக்கோவில் அந்தச் சங்கம் மீண்டும் உயிர்பெற்றபோது அதை அறிவித்தவர் லௌடாதான். இரண்டாவதாக, பாதுகாப்பைக் காரணம் காட்டி விலகும் ஓட்டுநரின் சம்பளத்தையோ இருக்கையையோ அந்தக் காரணத்துக்காக அணி தொட முடியாது என்பதை, அணிகள் சாம்பியன்ஷிப்பில் சேர்வதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக ஆக்குங்கள். இந்த வாய்ப்பைச் சிலர் தவறாகப் பயன்படுத்தலாம் என்ற அச்சம் உங்களுக்கு எழலாம். உலகப் பட்டத்தை ஒரு புள்ளியில் விட்டுக்கொடுக்கச் சும்மா ஆசைப்படுகிறவர் எவரும் அந்தக் கார்களில் உட்கார்வதில்லை.

அடுத்த பருவத்துக்கான விளையாட்டு விதிகள் உலக மோட்டார் விளையாட்டுக் குழுவின் முன் வரும்போது இந்த இரண்டையும் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறும், சேர்க்க இயலாது என்றால் அதற்கான காரணத்தை ஓட்டுநர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஃபார்முலா 1 பந்தயங்களை நெடுங்காலமாகப் பார்த்துவரும் ஒருவன்